அறுபத்தாறு அடி மழை

சேதுராக்கு தன் மோட்டார் கடைக்கு முன்னால் கட்டியிருந்த கம்பியிலிருந்து முதல் தடவை மழை பெய்தபோது, வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லாத அந்த ஆனி மாதத்துப் பிற்பகலில், அவள் முதலில் செய்த காரியம் கம்பியின் நீளத்தை மறுபடியும் அளந்து பார்த்ததுதான். இந்தப் பக்கம் முப்பத்து மூன்று அடி, அந்தப் பக்கம் முப்பத்து மூன்று அடி, நடுவில் ஊறுகாய் டப்பாவின் மூடி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மழையும் சரியாக அந்த அறுபத்தாறு அடிக்குள்தான், ஒரு பாய் அகலத்துக்கு, நூல் பிடித்தது போலப் பெய்துகொண்டிருந்தது.

முதுகுளத்தூருக்குத் தெற்கே கொக்கேந்தல் என்ற அந்த ஊருக்குக் கொக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கிணறு வற்ற வற்ற, தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார்கள் உள்ளே செம்புக் காயில் எரிந்து சேதுராக்குவின் கடைக்கு வந்தன, ஊருக்குத் தண்ணீர் குறையக் குறைய அவளுக்கு வேலை கூடியது, அது அவளுக்கே பிடிக்கவில்லை. நாற்பத்தொரு வயது, காயில் கட்டுகிற விரல்கள், எதையும் இரண்டு தடவை அளந்த பிறகுதான் வெட்டுகிற சுபாவம். மாவட்டத்தில் நடந்த பேரிடர் பயிற்சிக்கு ஒருநாள் போனவள், செல்போன் கோபுரம் சாய்ந்தாலும் ஒரு சின்ன ரேடியோ செட்டும் நீளமான கம்பியும் இருந்தால் நாட்டின் எந்த மூலையோடும் பேசலாம், அதற்கென்று பரீட்சை உண்டு, லைசென்ஸ் உண்டு, அதை வைத்துச் சம்பாதிக்க மட்டும் கூடாது என்று கேட்டு வந்து, ஒரு வருடம் படித்து, பரீட்சை எழுதி, தபாலில் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். செட்டு தூத்துக்குடியில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஆண்டெனாவை அவளே செய்தாள். எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை இரண்டு புரியாக முறுக்கினாள், அறுந்த செருப்பின் ரப்பரை வெட்டி இரண்டு முனையிலும் கட்டினாள், நீர் வற்றிப்போன போர்வெல்லிலிருந்து பிடுங்கிய பிளாஸ்டிக் குழாயைக் கம்பமாக நட்டாள்.

அன்று அவளுக்குக் கிடைத்த முதல் குரல் மேற்கே மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. பிலோமினா என்று பெயர், தோட்டத்து மருந்தகத்தில் நர்ஸ். ஒருவர் பேசி முடித்து ஓவர் சொன்னால்தான் மற்றவர் பேச வேண்டும் என்பது செட்டின் முறை.

"இங்க சாரல் அடிக்குது. உங்க பக்கம் எப்படி? ஓவர்."

"இங்க அனல் பறக்குதுக்கா," என்று சொல்ல வாயெடுத்த சேதுராக்கு வெளியே பார்த்தாள். கம்பிக்கு அடியில் இரண்டு வெள்ளாடுகள் கண்ணை மூடிக்கொண்டு நனைந்துகொண்டிருந்தன. "இங்கயும் சாரல்தான். ஓவர்," என்று சொல்லிவிட்டு, பிலோமினா பேசப் பேச அளவு நாடாவோடு வெளியே ஓடினாள்.

அவள் புருஷன் வழிவிட்டான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். லாரியை நிறுத்திவிட்டு வந்து கையை நீட்டி, உள்ளங்கையில் பிடித்து, நக்கிப் பார்த்தான். இருபது வருடமாக ஊர் ஊராகத் தண்ணீர் ஏற்றி இறக்கிய நாக்கு அது.

"இது மலைத்தண்ணி," என்றான். "போர் தண்ணி இல்ல."

பேச்சு முடிந்ததும் மழையும் நின்றது. பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. கல்கத்தாப் பக்கத்து ஆளோடு பேசினால் ஆலங்கட்டி விழும், ராஜஸ்தானோடு பேசினால் சிவப்புப் புழுதி கொட்டும், இமயமலை அடிவாரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பேசிய அன்று வெள்ளைத் தூள் விழுந்தது, பெண்கள் உப்பு என்று நினைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு உப்பில்லை, நாக்கில் குளுந்து கரைந்து ஒன்றுமில்லாமல் போகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். இது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு நடக்கும் என்றுதான் கேட்டார்கள். அறுபத்தாறு அடிக்கும் குடம் வைக்க முறை போட்டார்கள், ஒரு வீட்டுக்கு இரண்டு குடம், பிள்ளைபெற்ற வீட்டுக்கு மூன்று. காய வைத்த மிளகாய் நனைந்துவிட்டது என்று ஒரு சண்டை வந்தது, அதற்கப்புறம் முனியசாமி கோயில் மைக்கில் தினமும் சொன்னார்கள்: "மூணு மணிக்கு மலைக்காரம்மா பேசுறாங்க, மிளகாயை அள்ளிக்கங்க. அஞ்சு மணிக்கு ராஜஸ்தான், துணியை எடுத்துருங்க."

லாரி முதலாளி ஒருநாள் வந்து அந்தக் கம்பியை விலைக்குக் கேட்டார்.

"லைசென்ஸ்ல விக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு," என்றாள் சேதுராக்கு.

"கம்பியை விக்கக் கூடாதுன்னா போட்டிருக்கு?"

"பேச்சை விக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. மழை பேச்சோட வருது."

ஒரு கம்பி போதாது என்று ஊருக்குத் தோன்றியபோதும் அவள் சட்டத்தைத்தான் சொன்னாள். "கம்பி யாரு வேணா கட்டலாம், நான் கட்டித் தாரேன். மைக்கைத் தொடணும்னா பரீட்சை எழுதணும்." எழுதினார்கள். கருவேல விறகை அடுக்கிக் கரி மூட்டம் போடுகிறவர்களும், மிளகாய் ஆய்கிறவர்களும், பால் வண்டிக்காரரும், சத்துணவு சமைக்கிற பாண்டியம்மாளும் அவள் கடையில் எரிந்த மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து மின்சாரம் எப்படி ஓடுகிறது, அலை எப்படிப் போகிறது, எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று படித்தார்கள், கருவேலங்காட்டில் வெட்டரிவாளை வைத்துவிட்டு ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டார்கள், முதல் தடவை தோற்றவர்கள் இரண்டாம் தடவையும் பஸ் ஏறிப் போனார்கள், மறு வருடம் பங்குனிக்குள் பத்தொன்பது பேர் தேறியிருந்தார்கள். பத்தொன்பது கம்பிகள் ஊருக்குள் ஏறின. பேனாக் குழாய், கொட்டாங்கச்சி, சோடா பாட்டில் கழுத்து, வளையல் துண்டு என்று மின்சாரம் கடத்தாத எதையும் ஊரில் யாரும் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு கம்பியும் ஏறிய பிறகு சேதுராக்கு மீட்டரோடு வந்து அடியில் நின்று முள்ளைப் பார்ப்பாள், "இன்னும் நாலு விரக்கடை வெட்டு" என்பாள், மறுபடி பார்ப்பாள், அளவு சரியென்று முள் படுத்துக்கொண்ட பிறகுதான் அந்த வீட்டில் காப்பித் தண்ணி குடிப்பாள்.

அந்தக் கோடையில்தான் பிலோமினா ஒன்று சொன்னாள்.

"ராக்கு, உன்னோட பேசுறப்ப இங்க என் கம்பிக்கு அடியில மட்டும் மழை விட்டுடுது. பேசி முடிச்சதும் திரும்பப் பெய்யுது. நான் ரொம்ப நாளா பாத்துட்டிருக்கேன். ஓவர்."

சேதுராக்கு அன்று சாப்பிடவில்லை. மறுநாள் ஊர் கூடியது. தலைவர் சாத்தையா ஊரில் பாதி மூட்டங்களுக்குச் சொந்தக்காரர், மழை என்றாலே கரி நனையும் என்று முகம் சுளிக்கிறவர். "அப்ப இது அடுத்தவன் மழை," என்றார். "நாம களவாண்டிருக்கோம்." அங்கே மலையில் வழிந்தோடுகிற மழைதானே என்று சிலர் சொன்னார்கள், வழிந்தோடினாலும் அவன் மழை அவன் மழைதான் என்று சிலர் சொன்னார்கள், பொழுது சாயும்வரை பேசிக் கடைசியில் கேட்டு வாங்குவது என்று முடிவானது. "உங்க மழை உங்களுக்கு வேணுமா?" என்ற ஒரே ஒரு வாக்கியத்தை சேதுராக்கு ஏழு பாஷையில் கற்றுக்கொண்டாள், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். ஒருமுறை மராத்திப் பக்கத்து ஆள் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே கத்தினார், இரண்டு வருடத்துக்கு அப்புறம் தன் ஊரில் இப்போதுதான் முதல் தூறல் விழுகிறது என்று. கம்பிக்கு அடியில் குடங்களோடு முப்பது பேர் நின்றிருந்தார்கள், குடங்களில் முதல் துளிகள் டிங் டிங்கென்று விழத் தொடங்கியிருந்தன. சேதுராக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் செட்டை அணைத்தாள். வெளியே நின்றவர்கள் வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு காலை, விடிந்தும் விடியாததுமாக, பிலோமினாவின் குரல் வந்தது. அது எப்போதும் பேசுகிற குரலாக இல்லை.

"ராக்கு, மூணு நாளா மழை விடல. தோட்டத்து ஆளுங்க இருக்கிற லைன் வீடுகளுக்கு மேல சரிவுல பிளவு விழுந்திருக்கு. நேத்து விரல் நுழைஞ்சது, இன்னிக்கு என் கால் நுழையுது. கீழ ஆறு பாலத்தைத் தாண்டி ஓடுது, ரோட்டை மண்ணு மூடிருச்சு, போன் இல்ல. சாயங்காலத்துக்குள்ள வழி எடுத்துருவோம்னு ரோட்டுல வேலை பாக்குறாங்க. அதுவரைக்கும் மண்ணு நிக்கணும். ஓவர்."

"எத்தனை வீடுக்கா? ஓவர்."

"முப்பத்தாறு."

"பிளவு எவ்வளவு நீளம்?"

"நூறடி இருக்கும்."

பேசப் பேசக் கம்பிக்கு அடியில் மழை விடும், ஆனால் அறுபத்தாறு அடி எட்டாது. சேதுராக்கு கண்ணை மூடி விரலில் கணக்குப் போட்டாள். பேசுகிற அலைவரிசையைக் கீழே இறக்கினால் கம்பியின் நீளம் இரட்டிப்பாகும், பக்கத்துக்கு அறுபத்தாறு, மொத்தம் நூற்று முப்பத்திரண்டு. ஒரே கம்பி ஒரு பாய் அகலத்தைத்தான் மறைக்கும். குடைக்கம்பிகள் போல ஒரே நடுவிலிருந்து பல ஜோடிகளைச் சுற்றிலும் விரித்தால் சரிவு முழுவதையும் மறைக்கலாம். ஆனால் அங்கே எத்தனை ஜோடி விரிகிறதோ இங்கேயும் அத்தனை ஜோடி விரிய வேண்டும்.

"அக்கா, உங்ககிட்ட என்ன கம்பி இருக்கு?"

"யானை வராம இருக்கக் கட்டின வேலிக்கம்பி இருக்கு."

"அதை அவுக்கச் சொல்லுங்க. அதுல வெள்ளைக் கொண்டை இருக்கும், கரண்டு கம்பத்துல இறங்காம இருக்க, அதையும் விடாதீங்க. பக்கத்துக்கு அறுபத்தாறு அடியா வெட்டட்டும். கூடினா மடக்குங்க, குறைஞ்சா முறுக்கி ஒட்டுப் போடுங்க. நடுவுல வைக்க ஏதாவது பிளாஸ்டிக் தட்டு. பிளவுக்கு நேர் மேல நடு வரணும். பதினாறு ஜோடி. எட்டு மணிக்கு ரெண்டு பேரும் அந்தக் கம்பிக்கு மாறுவோம்."

கோயில் மைக்கில் செய்தி சொன்னார்கள். ஊர் தன் கம்பிகளை இறக்கியது. இரண்டிரண்டாக ஒட்டியதில் ஒன்பது ஜோடி வந்தது, மீதி ஏழுக்குக் கடையில் கிடந்த எரிந்த மோட்டார்களையெல்லாம் உடைத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செம்பை உருவினார்கள், முறுக்கினார்கள், ஒட்டுகிற இடத்தில் பிளேடால் எனாமலைச் சுரண்டினார்கள். எங்கே கட்டுவது என்பதில்தான் எல்லாரும் நின்றார்கள். செட்டையும் கம்பியையும் இணைக்கிற கேபிள் எட்டுகிற தூரத்தில் அவ்வளவு அகலமான இடம் மூட்டக் களம் மட்டும்தான். களத்தில் ஒன்பது கரி மூட்டங்கள் மண் பூசி, உள்ளே தீ வைத்து, எட்டு நாளாகப் புகைந்துகொண்டிருந்தன. மூன்று மாதம் காடு வெட்டிய உழைப்பு அது, அதில் ஆறு சாத்தையாவுடையது.

சாத்தையா களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார்.

"அங்க எத்தனை வீடுன்ன?"

"முப்பத்தாறு மாமா."

"பிள்ளைகுட்டியெல்லாம் உள்ளதான் இருக்காக?"

"உள்ளதான்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்துக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் மண்வெட்டியை எடுத்தார்கள்.

எட்டு மணிக்குக் கம்பி மாறியது. பிலோமினா "கேக்குதா ராக்கு?" என்றாள், "கேக்குதுக்கா" என்று சேதுராக்கு சொல்லி முடிப்பதற்குள் களத்தில் மழை இறங்கியது. கொக்கேந்தலில் யாரும் பார்த்திராத மழை, மலையில் மூன்று நாளாகப் பெய்து தீராத மழை, கண்ணைக் கூசுகிற வெயிலுக்கு நடுவில் ஒரு வட்டமாக நின்று கொட்டியது. மூட்டங்கள் சீறின, மண் கரைந்தது, உள்ளே தணல் செத்து வெள்ளைப் புகை எழும்பியது. கருத்த தண்ணீர் நாலா பக்கமும் ஓடியது, சுவர் கரையாமல் இருக்க வீட்டு வாசல்களில் மணல் மூட்டை அடுக்கினார்கள், மீதிப் பேர் ஊருணிக்குக் கால்வாய் வெட்டினார்கள்.

பேச்சு அறுந்தால் அங்கே மழை இறங்கிவிடும். அதனால் பேசினார்கள். பத்தொன்பது பேரும் முறை வைத்துப் பேசினார்கள், அந்தப் பக்கம் பிலோமினா ஒருத்திதான். பால் வண்டிக்காரர் தன் மாடுகளின் பெயர்களைச் சொன்னார், ஒருவர் மூட்டம் போடுவது எப்படி என்று முதல் கட்டையிலிருந்து சொன்னார், பாண்டியம்மாள் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்கிற பக்குவத்தைச் சொல்லிவிட்டு, அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லாமல், துபாய்க்குப் போய் ஏழு வருடமாகப் பேசாத தன் மகனைப் பற்றி, ஊரில் யாரிடமும் சொல்லாததையெல்லாம், முகம் தெரியாத அந்த நர்ஸிடம் சொன்னாள். "அம்மா, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க," என்றாள் பிலோமினா. காலையிலிருந்து பேசியே அவளுக்குத் தொண்டை கம்மிப்போயிருந்தது.

மத்தியானம் பேட்டரி இறங்கியது. செட்டின் விளக்கு மங்கி அணைந்தது, களத்தில் மழை பட்டென்று நின்றது, அந்த அமைதியைக் கேட்டு ஊரே திரும்பிப் பார்த்தது. வழிவிட்டான் ஓடினான். லாரியின் பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

"மொதலாளி லாரி, மச்சான்," என்றாள் சேதுராக்கு.

"தெரியும். மாட்டு."

நாலு நிமிஷம் ஆனது. "வந்துட்டியா," என்று பிலோமினாவின் குரல் வந்தது. "கொஞ்சம் மண்ணு இறங்குச்சு. நின்னுருச்சு."

ஐந்தேகாலுக்கு அங்கே வழி திறந்தது. கைக்குழந்தைகளும் கோழிகளும் மூட்டைகளுமாக முப்பத்தாறு வீட்டு ஆட்களும் மண்ணைத் தாண்டி அந்தப் பக்கத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள், பிலோமினா ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள், இங்கே கடைக்கு வெளியே நின்றவர்கள் அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொன்னார்கள்.

"எல்லாரும் போயாச்சு. நான்தான் பாக்கி. ஆனா ராக்கு, நான் மைக்கை விட்டா மழை வந்துரும். நான் போற பாதை அந்தச் சரிவுக்கு அடியிலதான். ஓவர்."

சேதுராக்கு ஒரு நொடிதான் யோசித்தாள்.

"அக்கா, நீங்க நர்ஸுதானே? பிளாஸ்திரி வச்சிருப்பீங்கள்ல? மைக் பொத்தானை அமுக்கி, பிளாஸ்திரியைச் சுத்தி ஒட்டுங்க. ஒட்டிட்டு நடங்க. நாங்க கேட்டுட்டு இருக்கோம். இதுக்கு ஓவர் சொல்ல வேண்டாம்."

பிளாஸ்திரி கிழிகிற சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. அப்புறம் ஆளில்லாத மருந்தகத்தின் சத்தம் மட்டும் வந்தது. சுவர்க் கடிகாரம், எங்கோ சொட்டுகிற தண்ணீர், காற்றில் அடித்துக்கொள்கிற ஒரு சன்னல். களத்தில் மழை நிற்காமல் பெய்தது. கைக்குழந்தைக்காரிகள் குழந்தையின் வாயை மார்போடு சேர்த்துக்கொண்டார்கள். கடிகாரம் ஓடியது, அரை மணி, முக்கால் மணி. பிறகு செட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ரயில் வருவது போல நீளமாக, பெரிதாகிக்கொண்டே வந்து, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. களத்தில் மழையும் அதோடு நின்றது.

இரண்டு நாள் சேதுராக்கு செட்டுக்கு முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை, சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள், கரி களத்தில் கூழாகிக் கிடந்தது, சாத்தையா அதைக் காலால் தள்ளிவிட்டு வந்து கடை வாசலில் உட்கார்ந்தார். லாரி முதலாளி வழிவிட்டானை வேலையைவிட்டு நிறுத்தினார். மூன்றாம் நாள் காலையில் சேதுராக்குவின் செல்போன் அடித்தது, புது நம்பர்.

"ராக்கு, நான் பிலோமினா. மருந்தகம் போயிருச்சு, வீடுகளும் போயிருச்சு. ஆளுங்க யாரும் போகல. பள்ளிக்கூடத்துல இருக்கோம். கேக்குதா? ஓவர்."

"போன்ல ஓவர் சொல்ல வேண்டாம்க்கா," என்று சொல்லிவிட்டுத்தான் சேதுராக்கு அழுதாள்.

அதற்கப்புறம் கம்பியிலிருந்து எதுவும் பெய்யவில்லை. பழையபடி பத்தொன்பதாகப் பிரித்து, முள் படுக்கும்வரை வெட்டி ஒட்டி ஏற்றிப் பார்த்தார்கள், கல்கத்தாக்காரர் வந்தார், மராத்திக்காரர் வந்தார், குரல் வந்தது, ஆலங்கட்டி வரவில்லை, புழுதியும் வரவில்லை. சில நாள் குடம் வைத்துப் பார்த்துவிட்டு ஊர் குடத்தை எடுத்துக்கொண்டது, கம்பியை இறக்கவில்லை. ஊருணியில் கருப்பாக நின்ற தண்ணீர் பத்து நாளில் தெளிந்து, குடிக்க இல்லையென்றாலும் புழங்க ஆனது. சாத்தையா மறுபடி காடு வெட்டப் போனார். வழிவிட்டான் கடையில் உட்கார்ந்து காயில் கட்டக் கற்றுக்கொண்டான். பாண்டியம்மாள் தினமும் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து, யார் கிடைத்தாலும் சரியென்று பேசினாள், அவர்கள் ஊரில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டாள்.

ஐப்பசி பிறந்து பதினோராம் நாள், பிலோமினாவுக்குப் புது இடத்தில் புது வீடு கிடைத்து, அவளே முறுக்கிய கம்பியைக் கூரையில் ஏற்றி, முதல் தடவையாக அதிலிருந்து கூப்பிட்டாள். சேதுராக்கு பதில் சொன்னாள். அவள் குரலுக்குப் பின்னால், கடையின் தகரக் கூரையில் எழுந்த பெரிய இரைச்சல் பிலோமினாவுக்குக் கேட்டது.

"என்ன சத்தம் அங்க? மழையா? ஓவர்."

"மழைதான்க்கா."

"இங்க நல்ல வெயில் அடிக்குது ராக்கு. எந்த ஊரு மழை அது? ஓவர்."

சேதுராக்கு வாசலுக்கு வெளியே பார்த்தாள். கம்பிக்கு அடியிலும், கம்பி இல்லாத இடத்திலும், ரோட்டிலும், களத்திலும், காட்டிலும், கண்ணுக்கு எட்டுகிறவரை பெய்துகொண்டிருந்தது.

"எங்க ஊருதுதான்," என்றாள். "ஓவர்."